அக்காவின் கணக்குப் பரீட்சையும் வாசலில் கட்டிய வேப்பிலையும்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சோமனூருக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிராக எங்கள் இரண்டு வீடுகள். பின்னால் எட்டுத் தறி ஓடுகிற ஒரு செட். அண்ணனும் தம்பியும் தறியைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அக்கா ஊர் பால்வாடியில் ஆயா. காலையில் போய்க் கூட்டிப் பெருக்கி, குழந்தைகளுக்குச் சமைத்து ஊட்டி, மூக்குத் துடைத்து, நாலு மணிக்குத் திரும்புவார்.

போகும் வழியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அக்கா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் நிற்பார். கண்ணை மூட மாட்டார், கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மாட்டார். நேராகப் பார்த்துப் பேசுவார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“இன்னிக்கு சாயங்காலம் அரிசி மாவு திரிச்சுப் போடலாம்னு இருக்கறனுங்க. பொறவு துணி ஊற வெச்சிருக்கறேன். உங்களுக்கு வேற ஏதாச்சும் வேல இருந்தா நடுவுல சொல்லி அனுப்புங்க. வாரேனுங்க.”

அவ்வளவுதான். ஆத்தாவிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டதே இல்லை. அன்றைய வேலையைச் சொல்வது, மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது. கூலிக்குப் போகிற இடத்தில் தோட்டத்துச் சொந்தக்காரரிடம் காலையில் பேசுவது போல இருக்கிறதே என்று சிரித்தேன். அக்காவின் அப்பா அம்மா இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். “ஆமா கண்ணு, அந்தப் பழக்கந்தான். காலைல களை வெட்டப் போவம். மத்தியானம் தண்ணி கட்டச் சொல்லுவாங்க. காடு அவங்களோடதுதானே?” என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய பேப்பரிலும் ஊர் லைப்ரரியிலும்தான். ஆனால் யாராவது நல்ல பேச்சு ஒன்று பேசிவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி அதையெல்லாம் எழுதி வைப்பேன். அந்த நோட்டில் பாதிக்கு மேல் அக்கா பேசியதுதான்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பால்வாடியில் ஆயாவாக இருப்பவர் பத்தாவது தேறிவிட்டால் டீச்சராகலாம். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களில் தேறியவர்கள் பேரை எழுதி அந்த வருடக் கடைசியில் ஒரு பட்டியல் போடப் போவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அக்காவுக்கு நாற்பத்தியாறு வயது. தனித்தேர்வு எழுதித் தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூகம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டார். கணக்கு மட்டும் நின்றது. ஜூனில் ஒரு வாய்ப்பு, விட்டால் செப்டம்பரில் ஒன்று. அதற்குள் கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்கியாக வேண்டும்.

மூளை இல்லாமல் நின்ற பாடமில்லை அது. நாற்பது குழந்தைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கரண்டி பருப்பு என்று நிற்கிற நிற்பில் சொல்லுவார். உட்கார்ந்து படிக்க நேரம் வாய்க்கவில்லை, அதுதான் குறை.

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம். எங்கள் காம்பவுண்டு கேட் ஒறம்பரைக்கென்றே செய்தது. அக்கா மாலை ஐந்து மணிக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கைத் தொடங்குவார். மூன்றாவது வரி எழுதும்போது கேட் கிறீச்சிடும். யாரோ ஒரு சின்ன மாமனார் கல்யாணப் பத்திரிகையோடு நிற்பார். அக்கா பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். “வாங்க வாங்க, எப்ப வந்தீங்க? புள்ளைங்கெல்லாம் சவுக்கியமுங்களா?” காப்பி ஆகும். அவர் போனதும் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்குப் பேதி என்று வருவாள். அதற்கப்புறம் தறிக்கு நூல் சுற்ற ஆள் வராமல் மச்சாண்டார், அக்காவின் வீட்டுக்காரர், கூப்பிடுவார். இரவு அந்தக் காலண்டர் தாளைப் பார்த்தால் மூன்று வரியும் ஒரு டம்ளர் அடி வட்டமும் இருக்கும்.

ஒரு நாள் பொறுக்காமல் சொன்னேன். “ஏனுங்க்கா, ஒரு நாளாச்சும் கதவச் சாத்தீட்டு உக்காருங்க. நான் சொல்லி அனுப்பீர்றேன்.”

“என்னன்னு சொல்லுவே?”

“அக்கா தூங்கறாங்கன்னு.”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தூங்கறவ டீச்சராயி என்ன பண்ணப் போறான்னு கேப்பாங்க.” சிரித்துவிட்டு, கொண்டையிலிருந்த பென்சிலைத் தேடித் தலையைத் தடவினார். “கண்ணு, நாம காலைல கோலம் போடறம். போட்ட கையோட அது மேல நடந்துதான் அல்லாரும் உள்ள வாராங்க. நடக்கறக்குத்தானே வாசல்?”

அன்று இரவே நோட்டில் எழுதிவிட்டேன். ஆனால் ஒத்துக்கொண்டு எழுதவில்லை.

ஜூன் பரீட்சைக்கு நான் ஒரு திட்டம் போட்டேன். அக்காவின் தம்பி வீடு மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. தம்பியும் மனைவியும் பாக்கு மண்டிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பகலெல்லாம் வீடு காலி. பன்னிரண்டு நாள் முன்னாலேயே அக்கா அங்கே போய்விட வேண்டும். மே மாதம் பால்வாடிக்கு விடுமுறை விட்டதும் இதைச் சொல்லிச் சொல்லி அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். பையையும் நானே அடுக்கினேன். நாலு சேலை, கணக்கு கைடு, ஜாமெட்ரி பாக்ஸ். காலை ஏழு மணி பஸ்.

ஆறரைக்கு என் மகள் எழுந்து வந்து, “அம்மா, கழுத்துல என்னமோ கடிச்சிருச்சு” என்றாள். ஏழு வயது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் நாலு, முதுகில் ஏழெட்டு, தண்ணீர் கோத்த முத்து முத்தாக.

அம்மை.

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. கையில் ஐந்து மாதத்துப் பையன் வேறு. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, “நீங்களும் கைக்குழந்தையும் அந்தப் பக்கமே போகக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். யாராவது ஒருவர் உள்ளேயே இருந்து பார்க்க வேண்டும், ஏற்கெனவே அம்மை கண்டவராக இருக்க வேண்டும். எங்கள் காம்பவுண்டில் அப்படி ஒரே ஒருவர்தான்.

அக்கா பஸ்ஸுக்குக் கட்டிய சேலையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். “அம்மணி, அந்தப் பைய அப்பிடியே எங்கூட்டுல வெச்சுப்போடு. நீ சின்னவனத் தூக்கீட்டு அங்க போயிரு. வேப்பந்தழை ஒரு கொத்து ஒடிச்சுட்டு வரச் சொல்லு” என்றார்.

“அக்கா, பரீட்சை...”

“அதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்குது. ஒறம்பரை வந்தாச்சு.”

கதவு சாத்திக்கொண்டது. நான் அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளைக்காக எவ்வளவு, அக்காவுக்காக எவ்வளவு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அம்மை கண்ட வீட்டின் முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆத்தா வீட்டுக்கு வந்திருப்பதாகத்தான் கணக்கு. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக மாட்டார். தாளிப்பு வாசம் வரக் கூடாது. யாரையும் ‘வாங்க’ என்றும் சொல்வதில்லை, ‘போயிட்டு வாங்க’ என்றும் சொல்வதில்லை. கொப்புளம் வாடியதும் முதல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆத்தா விடைபெற்றதாக அர்த்தம்.

மூன்று வேளையும் கஞ்சி, இளநீர், மோர் எல்லாவற்றையும் நான் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். உள்ளேயிருந்து அக்காவின் குரலும் மகளின் குரலும் கேட்கும். மூன்றாம் நாள் அக்கா ஜன்னலுக்கு வந்து, “அந்தப் பைல கணக்கு கைடு இருக்குதல்ல, அதக் கொண்டாந்து வெய்யி கண்ணு” என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். அடுத்த நாள் பென்சில் கேட்டார். அதற்கடுத்த நாள், எழுதித் தீர்ந்துவிட்டது, இன்னும் நாலு காலண்டர் தாள் வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்காவை யாரும் கூப்பிடாத நாட்கள் இவைதான். கேட் கிறீச்சிடவே இல்லை. பத்திரிகை வைக்க வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே திரும்பினார்கள். மச்சாண்டார்கூட நூல் சுற்றக் கூப்பிடவில்லை. மகள் தூங்கும் நேரமெல்லாம் அக்கா தரையில் உட்கார்ந்து வட்டமும் முக்கோணமுமாகப் போட்டுத் தள்ளினார். விழித்திருக்கும்போது அவளுக்குச் சொறியத் தோன்றாமலிருக்க, வேப்பிலையால் தடவிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்.

“நான் மேட்டுப்பாளையம் போய்த் தேடறதா இருந்த எடத்த ஆத்தா இங்கியே கொண்டாந்து குடுத்துட்டாங்க பாரு” என்றார் ஜன்னல் வழியாக. கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் உள்ளே போயிருந்தது. முகம் மட்டும் புது மணப்பெண் போல இருந்தது.

எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. விரல் விட்டு எண்ணினேன். ஏழாம் நாள் முதல் தண்ணீர், ஒன்பது, பதினொன்று. பன்னிரண்டாம் நாள் பரீட்சை. சரியாகப் பொருந்துகிறதே! சாமி எனக்காகவே நாள் பார்த்து வைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஏழாம் நாள் காலை ஜன்னலுக்குப் போய், “தண்ணி வெயில்ல வெச்சுரட்டுங்களாக்கா?” என்று கேட்டேன்.

“கழுத்துல ரெண்டு இன்னும் வாடுல கண்ணு. நாளைக்குத்தான்.”

“ரெண்டு தானுங்க்கா! நாளைக்கு ஊத்துனா மூணாம் தண்ணி பரீட்சை அன்னிக்கில்ல வருது! ஒரு நாள் முன்னாடி ஊத்தீட்டா என்னங்க ஆயிரும்? அல்லாரும் அப்பிடி ஊத்தறதுதான்.”

அக்கா உள்ளே திரும்பி மகளின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்: “வந்தவங்களக் கெளம்புங்கன்னு சொல்லற பழக்கம் நம்மூட்டுல இல்ல.”

“மூணாம் தண்ணிய வேற ஆராச்சும் ஊத்தட்டும். நீங்க பரீட்சைக்குப் போயிட்டு வந்துருங்க. ஆருக்குத் தெரியப் போவுது?”

“ஆத்தாளக் கூட்டீட்டு நான் பஸ்ஸுல ஏறுனா, அவங்க எந்தெந்த ஊட்டுல எறங்குவாங்கன்னு ஆருக்குத் தெரியும்? பரீட்சை எழுத வாரதுல எத்தன பொண்ணு மாசமா இருக்குதோ, எத்தன பேரு கைக்கொழந்தையோட வாராங்களோ. உனக்குன்னா நர்சம்மா தள்ளி இருன்னு சொல்லீட்டாங்க. அவங்களுக்கு ஆரு சொல்லுவா?”

நான் இடுப்பிலிருந்த பையனோடு இன்னும் இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். அவன்தான் ஏதோ ம்ம் என்றான்.

பரீட்சை நாள் வந்தது. பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் மணி அடித்துத் தாள் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் வாசலில் அண்டா நிறைய வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. அக்கா அடிக்கடி கை விட்டுச் சூடு பார்த்தார். பதினொரு மணிக்கு என் மகளை மணையில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினார். “போயிட்டு வாங்க ஆத்தா, கொறை ஏதாச்சும் இருந்தாப் பொறுத்துக்கங்க” என்றார். நான் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அக்காவின் கையைத்தான் பார்த்தேன். நடுங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றிக்கொண்டிருந்த கை அது.

மாலையில் கேட்டேன், “எழுதாமயே போச்சேங்க்கா.”

“போச்சு” என்றார். மறைக்கவில்லை. கண் கலங்கியும் இருந்தது. “படிச்சது உள்ளதானே கண்ணு இருக்குது. அத ஆரு எடுத்துட்டுப் போவா?” மூக்கைச் சிந்திவிட்டுப் படுத்தவர் பதினாலு மணி நேரம் தூங்கினார்.

இனி செப்டம்பர்தான் கடைசி. அதை விட்டால் பட்டியலில் பேர் வராது. ஆனால் ஜூலையிலிருந்தே கேட் பழையபடி கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. ஆடி மாத நோன்பு, ஆவணியில் அடுக்கடுக்காகக் கல்யாணம். ஒறம்பரைக்குக் குறைவே இல்லை. காலண்டர் தாளில் மறுபடி மூன்று வரியும் டம்ளர் வட்டமும்தான்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்கு அக்காவுக்கு லீவு. செவ்வாய்க்கிழமை பரீட்சை. நான் விடியற்காலையில் எழுந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். கிணற்றோரம் இருந்த மரத்தில் ஒரு பெரிய வேப்பங்கொத்து ஒடித்து, காம்பவுண்டு கேட்டில் தெருப்பக்கமாகக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டு ஆண்கள் இருவரும் திருப்பூருக்கு நூல் எடுக்கப் போயிருந்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தழை தெரியாது.

பத்து மணி வரை காக்காய் கூட வரவில்லை. அக்கா ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு பாடம் முடித்துவிட்டார். “என்ன கண்ணு, இன்னிக்கு ஊரே அடங்கிக் கெடக்குது?” என்று கேட்டார். நான் தையல் மிஷினை வேகமாக மிதித்தேன். ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு மேல் தெருவிலிருந்து குரல் வந்தது. “ஏனுங்க அம்மணி! ஆருக்குங்க?”

ஓடிப்போனேன். பக்கத்து வீதிக்காரம்மா, ஆறு இளநீரைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லப் போகிறவள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டுமில்லையா? நான் யோசிக்கவில்லை. மகளுக்குத்தான் ஏற்கெனவே வந்து போய்விட்டதே. “சின்னவனுக்குங்க” என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அய்யோ, கைக்கொழந்தைக்கா? தாயி, நீதான் பாத்துக்கோணும்!” அவர் கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் இளநீரை எடுத்து வைப்பதற்குள் டீக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒரு குடம் மோர் வந்தது. காய்கறிக் கடை பாய் வெள்ளரிக்காய் ஒரு கூடை கொடுத்தனுப்பி, துவா செய்வதாகச் சொல்லச் சொன்னார். எதிர்ச் செட்டில் தறியை நிறுத்திவிட்டார்கள், குழந்தை தூங்கட்டும் என்று. எங்கள் தெருவில் வேலை நாளில் தறிச் சத்தம் நின்றால் உறங்கிக்கொண்டிருப்பவர்கூட விழித்துக்கொள்வார். அந்த நிசப்தத்தைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வெளியே வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கூட்டமே நின்றது. எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், ஆனால் இருபது பேர் மெதுவாகப் பேசினால் அது சந்தைதான். பூசாரி தீர்த்தச் செம்போடு வந்து சேர்ந்தார். அதே நேரம் யாரோ சேதி சொல்லி என் அம்மா ஃபோனில் அழுதார், பஸ் ஏறிவிட்டாராம்.

அக்கா கையில் கைடோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். இளநீரைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஒரு எட்டு வைத்துத் திரும்பி, வேப்பங்கொத்தைப் பார்த்தார். என் இடுப்பில் என் மகன் விரலைச் சப்பிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆருக்குன்னு சொன்னே?” என்று என்னை மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்.

“சின்னவனுக்கு...”

அக்கா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பையனை வாங்கி, சட்டையைத் தூக்கி, முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்த்தார். பிறகு கொத்தை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“ஏனுங்க, கொழந்தைக்கு ஒண்ணுமில்லீங்க. ஆத்தா வரலீங்க. செவ்வாக்கெழம எனக்குப் பரீட்சைங்க. ஆரும் வந்து கூப்புடக் கூடாதுன்னு எங்கூட்டுல கட்டிப்போட்டோமுங்க. தப்புத்தானுங்க. அல்லாரும் மன்னிச்சுக்கோணும்.”

‘இவள் கட்டினாள்’ என்று சொல்லவில்லை. ‘கட்டிப்போட்டோம்’ என்றார். இந்த இடத்தை எழுதும்போது இன்னமும் என் கை நிற்கிறது.

இளநீர் கொண்டுவந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏம்புள்ள, பத்தாவது படிக்கறக்கு ஆத்தாளையே வாட்ச்மேனா நிறுத்திப்போட்டீங்களா?”

“சம்பளம் பேசுனீங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

“என்ற தறிய நிறுத்துனதுக்கு ஆரு வந்து ஓட்டறது?” என்று எதிர்ச் செட்டுக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்கற விசயமில்லீங்க. ரெண்டு பேரும் வந்து கம்பத்துக்குத் தண்ணி ஊத்திப்போட்டுப் போங்க” என்றார்.

“வாரோமுங்க. மொதல்ல அல்லாரும் உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க” என்றார் அக்கா. யாரும் வரக் கூடாது என்று கட்டிய கேட்டைத் தானே அகலத் திறந்தார். அவர்கள் கொண்டுவந்த இளநீரையே வெட்டி, அவர்கள் கொண்டுவந்த மோரையே கரைத்து அவர்களுக்கே கொடுத்தோம். என் அம்மாவும் வந்து சேர்ந்து, பேரனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, விஷயம் தெரிந்ததும் என் தலையில் நாலு குட்டு வைத்தார். சாயங்காலம் நானும் அக்காவும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, ஆத்தா மனம் குளிரக் கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்கு ஊற்றினோம். “நீங்க வராதப்ப வந்ததாச் சொல்லிப்போட்டோமுங்க. சின்னவன் பேரச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க” என்று அக்கா ஆத்தாவிடம் சொன்னார். பரீட்சை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முழுச் சனிக்கிழமையும் போயிற்று.

வீடு திரும்பும்போது நான் சொன்னேன், “நானே கெடுத்துப்போட்டனுங்க்கா.”

“ரெண்டு பாடம் முடிச்சேனல்ல? அது உன்னாலதான்” என்றார். “ஆனா இன்னொரு தடவ கட்டுனீன்னா உன்ற கைய ஒடிச்சுப்போடுவேன்.” இரண்டும் மனதாரச் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் ஊர் ஒரு வேலை பண்ணியது. டீக்கடைக்காரர் பஸ் ஸ்டாப்பிலேயே மறித்து, “அந்த ஊட்டுக்கா? புதன்கெழம போங்க, அக்கா படிக்கறாங்க” என்று ஒறம்பரைகளைத் திருப்பி அனுப்பினார். மச்சாண்டாருக்கு நூல் சுற்ற எதிர்ச் செட்டிலிருந்து ஆள் வந்தது. யாரும் வர மாட்டார்கள், நிம்மதியாகப் படி என்று சொல்லிவிட்டுப் போவதற்கு மட்டும் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் அக்கா எழுந்து காப்பி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். போகிற வழியில் கோயில் முன்னால் அக்கா நின்றார். “இன்னிக்குப் பரீட்சை எழுதலாம்னு இருக்கறனுங்க” என்றார். வழக்கமான அடுத்த வரியும் வந்தது: “உங்களுக்கு வேற வேல இருந்தாச் சொல்லுங்க.” அன்றைக்காவது அதைச் சொல்லாமலிருக்கக் கூடாதா என்று நான் பல்லைக் கடித்தேன். வேறு வேலை எதுவும் வரவில்லை. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வெளியே வந்தார். வரைபடமும் வடிவியலும் ஜூனில் தரையில் உட்கார்ந்து போட்ட கணக்குகளே வந்தன என்றார். நான் குதித்தேன். “இரு, கூட்டல்ல எங்காச்சும் கோட்ட விட்டிருப்பேன்” என்றார்.

ரிசல்ட் வந்த நாள் மத்தியானம் என் ஃபோனில்தான் பார்த்தேன். நம்பரை இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். அக்கா வீட்டில் இல்லை. நாலு வீடு தள்ளி, முதல் பிரசவம் முடிந்து வந்திருந்த ஒரு பெண்ணின் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். இருபது வயதுப் பெண் அவள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுவாள். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய காலில் குழந்தை குப்புறக் கிடந்தது. “அக்கா, வந்திருச்சுங்க்கா!” என்று கத்தினேன்.

“கத்தாத. பயந்துரும். தலைக்கு ஊத்தீட்டிருக்கறேன்.”

“பாஸா பெயிலான்னாச்சும் கேளுங்க!”

“ஒரு கண்ணுல தண்ணி போயிருச்சுன்னா ஆரு பதில் சொல்லறது? இரு கண்ணு.”

நான் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றேன். அக்கா முதுகுக்கு ஊற்றினார். அக்குளைத் துடைத்தார். குழந்தையைத் திருப்பி மூக்கை நீவினார். சாம்பிராணி காட்டினார். நெற்றியில் பொட்டு வைத்து, துணியில் சுற்றி, அம்மாக்காரியின் கையில் கொடுத்து, அது வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தார். இருபது நிமிடம். பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த ஒருத்தி இன்னொருத்தி பிள்ளைக்காக இருபது நிமிடம் கூடுதலாகக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம்தான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இப்போது கை நடுங்கியது.

“எவ்வளவு?”

“அம்பத்திரண்டு!”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபோனை வாங்கினார், எண்ணைப் பார்த்தார், என்னிடம் கொடுத்தார், மறுபடி வாங்கினார். சத்தமே இல்லாமல் அழுதார். நான் சத்தமாக அழுதேன். பட்டியலில் பேர் வந்துவிடும், பால்வாடி டீச்சர் என்று ஊர் கூப்பிடும், எல்லாம் என் வாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

பாயில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அக்கா, நானும் பத்தாவதுல கணக்குலதானுங்க நின்னுபோனேன்” என்றாள் மெல்ல. “எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையும் குழந்தையையும் பார்த்தார்.

“குடுக்கறேன் கண்ணு. இவன் மொகம் பாக்கப் பழகுன பொறவு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. ஆனா பாதீல ஆராச்சும் கூப்புடுவாங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டுத்தான் வருவேன். பரவால்லையா?”